விளக்கக் கடிதத்தில் ‘பழி’ என்று எழுதலாமா?

கேள்வி:

அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு கோப்பை முடித்துப் பதிவறைக்கு அனுப்பினேன். அதைத் தன்பதிவேட்டில் (என் கையில் உள்ள கோப்புகளை நான் பதிந்து வைக்கும் ஏட்டில்) குறிக்க மறந்துவிட்டேன். பிறகு அந்தக் கோப்பு தேவைப்பட்டபோது என் மேசையில் இல்லை. ‘மனுதாரரை அலைக்கழிக்க வேண்டுமென்றே மறைத்து வைத்தார்’ என்று கண்காணிப்பாளர் மேலே எழுதிவிட்டார். இரண்டே நாளில் கோப்பு பதிவறையில் கிடைத்தது. ஆனாலும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை (மெமோ) வந்துவிட்டது. பதிலில், ‘என் மீது வேண்டுமென்றே பழி சுமத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். வரைவைப் படித்த மூத்த சக ஊழியர், ‘பழி என்பது திட்டுகிற சொல், அலுவலகக் கடிதத்தில் வராது. கண்காணிப்பாளரை அவமதித்தீர்கள் என்று இன்னொரு குறிப்பாணை வரும், எடுத்துவிடுங்கள்’ என்கிறார். அம்மாவோ, ‘பழி போட்டால் பழி என்றுதானே எழுதணும்’ என்கிறார். வரைவை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி? பழி என்றால் குற்றமா, வசையா, பாவமா? பழிவாங்குவதில் வருவதும் இதே பழிதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் சக ஊழியர் சொன்ன காரணத்துக்காக அல்ல. பழி திட்டுகிற சொல்லும் இல்லை, எழுத்தில் வரக்கூடாத சொல்லும் இல்லை. திருக்குறளில் அது பல இடங்களில் வருகிறது. ‘புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்’ என்று புறநானூற்றின் 182ஆம் பாட்டு சான்றோரைச் சொல்கிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடியது. உலகம் முழுவதையும் கூலியாகக் கொடுத்தாலும் பழியை வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிற சொல்லை வசைச்சொல் என்று ஒதுக்க முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் முன் உங்கள் இரண்டாவது கேள்வியைப் பார்த்துவிடலாம். அது தெளிந்தால் முதல் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

தமிழில் தவறைக் குறிக்கும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தவறு, தப்பு, வழு, இழுக்கு. இவை எல்லாமே காலோடு தொடர்புள்ளவை. தவறி விழுகிறோம். கால் தப்புகிறது. வழு என்பதன் பக்கத்திலேயே வழுக்கு நிற்கிறது. இழுக்குதல் என்றாலும் பழைய தமிழில் சறுக்குதல்தான். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்னும்போது வள்ளுவர் வழுக்கு நிலத்தில் ஊன்றிக்கொள்ளும் கோலைச் சொல்கிறார். நடக்கிறவனுக்கு நேர்வது இது. செய்தவனோடு தொடங்கி அவனோடு முடிகிற சொற்கள்.

பழி இந்தக் குடும்பத்தில் இல்லை. அதோடு சேரும் வினைகளைப் பாருங்கள். பழி போடுகிறார்கள், சுமத்துகிறார்கள், ஏற்றுகிறார்கள். பழி வந்து சேர்கிறது, தலையில் விழுகிறது. ஒருவர் அதைச் சுமக்கிறார், ஒருநாள் துடைக்கிறார். மலையாளத்திலும் இதே சொல் உண்டு, அங்கே ‘பழி சாருக’ என்பார்கள். சுவரில் ஏணியைச் சாத்துவது போல ஒருவர் மேல் பழியைச் சாத்துவது. ஆக, பழி என்பது செயலைக் குறிப்பதைவிட, செயலுக்குப் பிறகு ஒரு மனிதன் மேல் வந்து படிவதைக் குறிக்கிறது. ‘தவறு செய்தான்’ என்ற வாக்கியத்துக்கு ஓர் ஆள் போதும். ‘பழி வந்தது’ என்றால் ஊரில் இன்னும் நான்கு பேராவது இருக்க வேண்டும்.

குற்றமும் பழியும் ஒரே குறளில் பக்கம் பக்கமாக வருகிற இடம் ஒன்று உண்டு. ‘தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்’. குற்றம் தினையளவு. அதைப் பனையளவாகப் பார்க்க வைப்பது பழியைக் குறித்த நாணம். குற்றத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, அளக்கலாம். பழி அளவுக்குள் நிற்பதில்லை. தன்பதிவேட்டில் ஒரு வரி விட்டுப்போனது தினை. அது ‘வேண்டுமென்றே மறைத்தார்’ ஆனபோது பனையாகிவிட்டது. உங்களுக்கு உறுத்துவதும் அந்த வரி அல்ல, இந்தப் பனைதான் என்று நினைக்கிறேன்.

‘அப்படியானால் அகராதியில் பழிக்குக் குற்றம் என்றும் பாவம் என்றும் பொருள் போட்டிருக்கிறார்களே’ என்பீர்கள். போட்டிருக்கிறார்கள், சரியாகவே போட்டிருக்கிறார்கள். ‘செயற்பால தோரும் அறனே ஒருவற்கு உயற்பால தோரும் பழி’ என்ற குறளில் பழி நேரடியாகத் தீவினைதான். செய்யத் தக்கது அறம், தவிர்க்கத் தக்கது பழி. பழிக்கப்படுகிற செயல் என்பதால் அதற்குப் பழி என்றே பெயர் வந்தது என்ற வழியில் பரிமேலழகர் அதை விளக்குகிறார். புறங்கூறாமை அதிகாரத்தில் ‘பிறன்பழி கூறுவான்’ என்று வரும்போதும் அடுத்தவனுடைய குறையைத்தான் சொல்கிறது. செயலின் பெயர் அதன் விளைவுக்குப் போவதும், விளைவின் பெயர் செயலுக்குத் திரும்புவதும் மொழியில் அன்றாடம் நடப்பவை. அபராதம் என்பது வடமொழியில் குற்றம். நம்மிடம் வந்ததும் குற்றத்துக்குக் கட்டுகிற காசாகிவிட்டது. இன்று ‘அபராதம் செய்தான்’ என்றால் யாருக்கும் புரியாது, ‘அபராதம் கட்டினான்’ என்றால் புரியும். பாவம் இன்னும் வேடிக்கை. செய்தவனுக்கு வர வேண்டிய பாவம், ‘ஐயோ பாவம்’ என்று பட்டவன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. இழுக்கும் அப்படித்தான். சறுக்கலாகத் தொடங்கி, ஒழுக்கக் குறையாகி, இன்று ‘குடும்பத்துக்கு இழுக்கு’ என்று அவமானத்தில் வந்து நிற்கிறது.

இந்தச் சொற்களுக்குள் பழி தனித்து நிற்பது ஒரு காரணத்தால். அது விளைவைச் சொல்கிறது, ஆனால் அந்த விளைவு நியாயமானதா என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்கிற பழமொழி இதைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. செய்தவன் கணக்கில் பாவம் ஏறுகிறது, பழியோ அடுத்த வீட்டுக்காரன் தலையில் விழுகிறது. பாவம் முகவரி மாறாது. பழி மாறும்.

இதைக் கதையாகவே சொல்லி வைத்திருக்கிறார் பரஞ்சோதி முனிவர். திருவிளையாடற் புராணத்தில் ‘பழியஞ்சின படலம்’ என்று ஒன்று உண்டு. மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஓர் அந்தணர் மதுரைக்கு வருகிறார். வழியில் அவளுக்குத் தாகம். ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போகிறார். எப்போதோ யாரோ எய்து மரத்தில் சிக்கிக் கிடந்த அம்பு, காற்றில் அசைந்து அவள் மேல் விழுந்து உயிர் போகிறது. அதே மரத்தின் இன்னொரு பக்கத்தில், வில்லும் அம்புமாக ஒரு வேடன் நிழலுக்கு ஒதுங்கி நிற்கிறான். திரும்பி வந்த அந்தணர் கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? வேடனை இழுத்துக்கொண்டு குலோத்துங்க பாண்டியனிடம் போகிறார்.

கையில் வில், எதிரே பிணம். இன்றைய செய்தித்தாள் என்றால் மறுநாளே தலைப்பு வந்திருக்கும். அடித்துக் கேட்டும் வேடன் ‘நான் எய்யவில்லை’ என்கிறான். பாண்டியனுக்கு அவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குறி தெரியவில்லை. கோயிலுக்குப் போய் இறைவனிடம் முறையிடுகிறான். ஒரு திருமண வீட்டுக்குப் போ என்று குரல் வருகிறது. அங்கே எமதூதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அரசனுக்கும் அந்தணருக்கும் கேட்கிறது. நல்ல உடலோடு இருக்கிற இந்த மணமகனின் உயிரை எப்படி எடுப்பது என்று ஒருவன் கேட்க, காற்றில் ஆலமரத்து அம்பை விழவைத்து அந்தப் பெண்ணின் உயிரை எடுத்தோமே, அதுபோல ஏதாவது செய்வோம் என்கிறான் மற்றவன். மேளச் சத்தத்தில் கட்டறுத்துக்கொண்டு வந்த மாடு மணமகனைக் குத்திவிடுகிறது. வேடன் விடுதலை ஆகிறான்.

படலத்தின் பெயரைக் கவனியுங்கள். பழிக்கு அஞ்சியது யார்? வேடன் அல்ல. அரசன். குற்றமற்றவனைத் தண்டித்தால் அந்தப் பழி தன் மேல் வரும் என்று அஞ்சினான். ஒரே கதையில் பழி மூன்று பேருக்கு இடையே அலைகிறது. வேடன் மேல் விழுந்தது வீண்பழி. அரசன் மேல் விழ இருந்தது மெய்ப்பழி. அந்தணர் சொன்னது பொய்யும் இல்லை, அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். உங்கள் கடிதத்தில் இதற்கு வேலை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

பழிவாங்குவதில் வருவதும் இதே பழிதான். ஏன் ‘வாங்க’ வேண்டும் என்று யோசித்தால், அந்தப் பழியைக் கடனாக நினைத்த ஒரு காலம் தெரிகிறது. பழியும் தீர்கிறது, கடனும் தீர்கிறது. பழியையும் வாங்குகிறார்கள், வர வேண்டியதையும் வாங்குகிறார்கள். ஒருவனைக் கொன்றால் கொன்றவன் மேல் பழி ஏறுகிறது. செத்தவனின் உறவினர் அதை அவனிடமிருந்து வசூலிக்கிறார்கள். பழிக்குப் பழி என்பதில் வட்டியும் சேர்ந்துவிடுகிறது. ‘பழிகிடத்தல்’ என்று ஒரு வழக்கு உண்டு, வயதானவர்கள் வாயில் கேட்டிருப்பீர்கள்: ‘அவன் வாசல்ல பழிகிடக்கிறான்’. கேட்டது கிடைக்கும்வரை நகராமல் கிடப்பது. கடன்பட்டவன் வாசலில் பட்டினி கிடந்து உரிமையைக் கேட்கிற பழைய வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் புரிகிறது. ‘நான் இங்கேயே செத்தால் பழி உன் மேல்’ என்பதுதான் அதிலுள்ள மிரட்டல். இன்று தொழிற்சங்கச் சுவரொட்டிகளில் ‘பழிவாங்கும் போக்கு’ என்று பார்க்கும்போது இத்தனையும் நினைவில் இருப்பதில்லை. அங்கே அது வெறும் பகை, காழ்ப்பு.

இந்த இடத்தில் என் பழைய தொழிலின் தலைவலி ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு ‘பலி’யும் ‘பழி’யும் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவை. ‘விபத்து மூவரைப் பழிவாங்கியது’ என்று அச்சேறிய பக்கத்தை நானே கைநாட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். விபத்துக்கு யார் மேலும் பகை கிடையாது, அது பலிதான் வாங்கும். தன் தப்புக்கு அடுத்தவரை மாட்டிவிட்டால் அவர் பலிகடா, பழிகடா இல்லை. அந்தக் கடா செய்யாத குற்றத்துக்காகத்தான் வெட்டப்படுகிறது என்பதால் ‘பழி’யும் பொருந்துவது போலத் தோன்றும். அதுதான் தடுமாற வைக்கிறது. ‘பலி சுமத்தினார்கள்’ என்று கைப்பேசியில் தட்டச்சு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வரைவில் ழகரம் சரியாக இருந்தது, அதற்கு ஒரு நன்றி.

வசையா என்றும் கேட்டிருந்தீர்கள். பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை இல்லை. வினையாக்கினால் வசையின் பக்கத்தில் போய்விடுகிறது. பழித்தல் என்றால் இகழ்தல். குழந்தைகள் நாக்கை நீட்டி முகத்தைக் கோணலாக்குவது பழிப்புக் காட்டுதல். அப்போதும் அது கெட்ட வார்த்தை ஆகிவிடாது, மதிப்பைக் குறைத்துப் பேசுவது, அவ்வளவுதான். பழித்தலும் புகழ்தலும் தமிழில் அவ்வப்போது இடம் மாறிக்கொள்பவை என்பது இன்னொரு சுவை. ‘மதியைப் பழிக்கும் முகம்’ என்றால் அந்தப் பெண்ணுக்குப் புகழ், திட்டு வாங்குவது நிலா. பழிச்சுதல் என்றொரு பழைய சொல் இருக்கிறது, அதற்குப் பொருளே போற்றுதல். ‘பரவும் பழிச்சும் வழுத்தின் பொருள’ என்கிறது தொல்காப்பியம். ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பத்திரமாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாரே, புறநானூற்றின் 95ஆம் பாட்டு, அதில் ஒரு சொல்கூட வசை இல்லை. தொண்டைமானுக்கு உறைத்திருக்கும். அவமதிப்பு சொல்லில் இருப்பதைவிட, சொல்லை வைக்கும் விதத்தில் இருக்கிறது.

அதனால்தான் உங்கள் வாக்கியத்தில் பழியைவிட ‘சுமத்து’ என்ற சொல் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ‘குற்றம் சாட்டினார்’ என்றால், ஒருவர் ஒன்றைச் சொன்னார், அது உண்மையா இல்லையா என்று இனிமேல்தான் தெரியும் என்று பொருள். செய்தித்தாள்கள் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றும் ‘குற்றவாளி’ என்றும் பிரித்து எழுதுவது இதற்காக. தீர்ப்பு வரும்வரை ஒன்று, வந்த பிறகு மற்றது. ‘பழி சுமத்தினார்’ என்று எழுதினால் தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். சுமக்க வேண்டிய தேவை இல்லாதவர் மேல் வைப்பதைத்தான் சுமத்துவது என்கிறோம். சொன்னது பொய், சொன்னவர் பொய்யர் என்பது அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. ‘அபாண்டமாக’ என்று அதற்கு முன்னால் சேர்ப்பவர்கள்கூட ஒரே பொருளை இரண்டு முறை சொல்கிறார்கள்.

அடுத்து ‘வேண்டுமென்றே’. கண்காணிப்பாளர் என்ன எழுதினார்? கோப்பு இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மை. ‘வேண்டுமென்றே மறைத்தார்’ என்று எழுதியதால்தான் அநியாயம் ஆனது. உங்கள் மனதுக்குள் இருந்ததை அவர் பார்த்த மாதிரி எழுதினார். நீங்கள் பதிலில் என்ன எழுதினீர்கள்? ‘வேண்டுமென்றே பழி சுமத்தப்பட்டுள்ளது’. அவர் மனதுக்குள் இருந்ததை நீங்கள் பார்த்த மாதிரி. அவர் வேடனைப் பார்த்த அந்தணராகவும் இருக்கலாம். மேசையில் கோப்பு இல்லை, பதிவேட்டில் வரி இல்லை, வெளியே மனுதாரர் காத்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது வில்லும் பிணமும். வேறு பகை இருந்து எழுதினாரா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு ஆதாரம் கையில் இல்லாதபோது அது கடிதத்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. வரைவில் கூர்மையான எல்லா இடத்திலும் ‘பட்டுள்ளது’ போட்டிருக்கிறீர்கள். சுமத்தப்பட்டுள்ளது, திரிக்கப்பட்டுள்ளது, சித்திரிக்கப்பட்டுள்ளது. பெயரைச் சொல்லாமல் விட்டால் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். படிக்கிற அதிகாரிக்கு அது முகத்தை மூடிக்கொண்டு கல்லெறிவது போலத் தெரியும். மேலே அறிக்கை அனுப்பியது ஒரே ஒருவர், அவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ‘கண்காணிப்பாளரின் அறிக்கையில்’ என்று நேராக எழுதுவதுதான் மரியாதை.

அலுவலக விதிகளும் சட்டமும் என் துறை அல்ல, சொல்லளவில் மட்டும் ஒன்றிரண்டு. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி 17(அ), 17(ஆ) என்று வருகிற குறிப்பாணைகளில் இருப்பது ‘குற்றச்சாட்டு’. உங்களுக்கு வந்தது அதற்கு முந்திய படி, விளக்கம் கேட்பது. இரண்டுக்குமே பழி என்ற சொல் தேவையில்லை, ஏனென்றால் அது நிரூபிக்கவோ மறுக்கவோ கூடிய சொல் இல்லை. குற்றச்சாட்டை மறுக்கலாம். பழியைத் துடைக்கத்தான் முடியும். ‘அவதூறு’ என்று எழுதலாமா என்ற எண்ணமும் வந்திருந்தால், வேண்டாம். அதற்குச் சட்டத்தில் தனி வரையறை உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தெரிவிக்கும் குற்றச்சாட்டுக்கு அதில் விதிவிலக்கும் இருக்கிறது. பெரிய சொல்லை எடுத்து வீசிவிட்டுப் பிறகு பின்வாங்குவது உங்களுக்குத்தான் சங்கடம்.

உங்கள் வரைவு இரண்டரைப் பக்கம். அதில் இந்தப் பத்தி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது:

‘மேற்படி கோப்பு முடிவுற்ற பின் பதிவறைக்கு என்னால் அனுப்பப்பட்டது. அதைத் தன்பதிவேட்டில் குறிக்கத் தவறிவிட்டேன். இது என் கவனக்குறைவு, இதற்கு வருந்துகிறேன். கோப்பை மறைத்து வைத்ததாகக் கண்காணிப்பாளரின் அறிக்கையில் கூறியிருப்பதை மறுக்கிறேன். கோப்பு பதிவறையில் உரிய இடத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அது பதிவறைக்கு வந்த நாளைப் பதிவறை எழுத்தரின் பதிவேட்டிலிருந்து சரிபார்க்க வேண்டுகிறேன்.’

‘என்னால் அனுப்பப்பட்டது’ என்று நானே எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா. அலுவலகத் தமிழ் ஒட்டிக்கொள்ளும். ‘நான் அனுப்பினேன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே ‘தவறிவிட்டேன்’ என்பது உங்கள் சொல், காலோடு தொடர்புள்ள சொல், சறுக்கல். அதை நீங்களே சொல்லிவிட்டால் மற்றதை மறுக்கும்போது குரல் உறுதியாக இருக்கும். ‘வருந்துகிறேன்’ கவனக்குறைவு என்ற வாக்கியத்தோடு முடிந்துவிட வேண்டும், மறுப்பு வாக்கியத்துக்குள் வரக் கூடாது. கலந்தால் இரண்டையும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். பதிவறை எழுத்தரின் பதிவேட்டைக் குறிப்பிடும் முன் அதில் வரவு இருக்கிறதா என்று ஒரு முறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் சொன்னது பேச்சுத் தமிழில் முழுக்கச் சரி. ‘எம் பொண்ணு மேல பழி போட்டுட்டாங்க’ என்று அவர் சொல்லும்போது அதில் வழக்கு இல்லை, பெற்றவளின் தீர்ப்பு இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. விசாரணை உங்கள் பக்கம் முடிந்த பிறகு, அதே கண்காணிப்பாளர் அதே கதையை மறுபடி மேலே எழுதினால், அப்போது ‘வீண்பழி’ என்று தாராளமாக எழுதலாம். உங்கள் சக ஊழியர் தடுத்தாலும் எழுதலாம்.

கடைசியாக, தன்பதிவேட்டில் விட்டுப்போன வரியை இப்போது எழுத நினைத்தால் ‘விடுபட்ட பதிவு’ என்று போட்டு இன்றைய தேதியையே போடுங்கள். மூன்று மாதத்துக்கு முந்திய தேதியைப் போட்டுவிட்டால், அதற்கு நானும் அம்மாவும் வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.